மாமி சொன்ன சாட்சி

விவாகப் பதிவாளர் ஒரு பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தந்த பட்டியலில் ஐந்து விடயங்கள் இருந்தன. இருவருடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, குடியிருப்பை உறுதிப்படுத்தக் கிராம சேவகரின் கடிதம், விவாக அறிவித்தல் படிவம். ஐந்தாவதாக, "முன்பு மணம் முடித்தவராயின் மரணச் சான்றிதழ் அல்லது விவாகரத்துத் தீர்ப்பு" என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுத்திருந்தார். முதல் நான்கும் இரண்டு கிழமைக்குள் கைக்கு வந்துவிட்டன. ஐந்தாவதற்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அந்த ஒன்றரை வருடத்தில்தான் நான் மாமியை அறிந்துகொண்டேன். மாமி என்று நான் சொல்வது என் மனைவியைப் பெற்ற தாயை அல்ல. அவளுடைய முதல் கணவரின் தாயை.

சிலாபத்துக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். நான் அப்போது ஓர் இறால் பண்ணையில் மேற்பார்வை வேலை செய்துகொண்டிருந்தேன். யுத்தம் முடிந்து, வன்னிச் சனத்தை முகாமிலிருந்து வெளியே விட்ட பிறகு, எங்கள் ஊரில் இருந்த சின்னம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் என் மனைவி. இறால் தரம் பிரிக்க எங்கள் பண்ணைக்கு வந்தாள். நான் விருப்பத்தைச் சொன்ன அன்றே, "நான் ஏற்கனவே முடிச்ச ஆள். எழுத்தும் இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

பதினெட்டு வயதில் அவளுக்கு எழுத்து, அதாவது விவாகப் பதிவு, நடந்திருந்தது. பிள்ளைகளைப் போருக்குப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. கலியாணம் முடித்தவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் இரண்டு வீட்டாரும் அவசர அவசரமாகப் பதிவாளரைக் கூட்டி வந்தார்கள். அதற்கு முன் இருவரும் நேருக்கு நேர் கதைத்ததுகூட இல்லையாம். எட்டு மாதம் சேர்ந்து வாழ்ந்தார்கள். அவர் நல்லவர் என்று மட்டும் சொல்வாள். கடைசி நாளில், சனங்கள் எல்லாம் இராணுவப் பக்கம் வந்தபோது, ஆண்களைத் தனியாக நிறுத்தினார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொல்லி பஸ்ஸில் ஏற்றினார்கள். அவர் ஏறியதைத் தாயும் மனைவியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. பெற்றோரை இழந்திருந்த இவளை முகாமில் மாமிதான் தன் கைக்குள் வைத்திருந்தார். சின்னம்மாவிடம் போய் இருக்கச் சொல்லி அனுப்பியதும் அவர்தான்.

சிலாபத்தில் நாங்கள் பார்த்த சட்டத்தரணி இரண்டு வழி சொன்னார். ஒன்று, காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று பதிவது. அது சுலபம், ஆனால் அவருடைய ஊரிலும் அறிவித்தல் ஒட்டுவார்கள், யாரும் ஆட்சேபித்தால் இழுபடும். மற்றது விவாகரத்து. கணவர் மனைவியைக் கைவிட்டுப் போனார் என்று வழக்குப் போட வேண்டும். அதற்கு ஒரு சாட்சியும் வேண்டும். நான் முதல் வழியையே நினைத்தேன். அரசாங்கக் கச்சேரிச் சுவரில் ஒட்டியதைப் பார்த்து மாமி அதை அறிந்துகொள்ளக் கூடாது, நேரே போய்ச் சொல்வோம் என்றாள் இவள்.

மூன்று பஸ் மாறிப் போனோம். தகரக் கொட்டிலின் வாசலில் நின்ற மாமி இவளைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தைத் தடவினார். என்னைப் பார்த்து, "இருங்கோ தம்பி" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். அங்கே இருந்தது அந்த ஒரு கதிரைதான். தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை வந்த விடயத்தை எங்களால் எடுக்க முடியவில்லை. கடைசியில் இவள் இரண்டு வழியையும் சொன்னாள்.

மாமி தேத்தண்ணிக் குவளைகளை எடுத்து ஒரு பக்கம் வைத்தார். "நீ கலியாணம் முடி பிள்ளை. அதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா தம்பி, அவன் செத்திட்டானெண்டு மட்டும் எழுதாதேங்கோ. விட்டிட்டுப் போனவனெண்டு எழுதுங்கோ. நான் வந்து சொல்லுறன்."

"மாமி, அப்பிடிச் சொன்னா அவரைக் கெட்டவராக்கிப் போடுவாங்கள்" என்றாள் இவள்.

"கெட்டவனா எண்டாலும் இருக்கட்டும்" என்றார் மாமி.

வழக்குப் போட்டோம். எங்கே இருக்கிறார் என்று தெரியாத ஒருவருக்கு அழைப்பாணையை எந்த விலாசத்துக்கு அனுப்புவது? பத்திரிகையில் அறிவித்தல் போடும்படி நீதிமன்றம் கட்டளையிட்டது. அவருடைய பெயரைப் போட்டு, இன்ன நாளில் முன்னிலையாகாவிட்டால் வழக்கு ஒருதலையாக விசாரிக்கப்படும் என்று நாலு வரி வந்தது. அந்தப் பக்கத்தை வெட்டி மாமிக்கு அனுப்பினோம். அடுத்த நாளே தொலைபேசியில் கேட்டார்: "இந்தப் பேப்பர் எல்லா இடத்துக்கும் போகுமோ தம்பி? மறியலுக்குள்ளயும் குடுப்பாங்களோ?" சிறைக்குள்ளும் போகும் என்றேன். வேறு என்ன சொல்ல?

வழக்குக்கு முதல் நாள் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரை எப்படி உபசரிப்பது என்று என் அம்மாவுக்குத் தெரியவில்லை. சம்பந்தி என்று சொல்ல முடியாது, விருந்தாளி என்றும் விட முடியாது. புதுப் பாயை எடுத்து விரித்தார், இறால் பொரித்தார், பக்கத்தில் இருந்து சோறு போட்டார். நான் அவரை என்னவென்று கூப்பிடுவது என்று தடுமாறியதை மாமி கவனித்திருக்க வேண்டும். "மாமியெண்டே சொல்லுங்கோ. இவளுக்கு மாமியெண்டா உங்களுக்கும் மாமிதான்" என்றார்.

சிலாபம் நீதிமன்றத்தில் பேச்செல்லாம் சிங்களத்தில் நடந்தது. வழக்கு எடுக்கப்பட்டதும் ஓர் ஊழியர் வாசலுக்குப் போய், வெளியே விறாந்தையைப் பார்த்து மாமியின் மகனுடைய பெயரை உரத்துக் கூப்பிட்டார். மூன்று தரம் கூப்பிடுவது வழமை. முதல் தரம் பெயர் கேட்டதும் மாமி மர வாங்கிலிருந்து எழும்பிவிட்டார். இரண்டாம் தரம் வாசலைப் பார்த்தார். மூன்றாம் தரத்துக்குப் பிறகும் பார்த்துக்கொண்டே நின்றார். விறாந்தையில் நின்றவர்கள் எல்லாரும் வேறு வழக்குகளுக்கு வந்தவர்கள். ஊழியர் திரும்பி வந்து, ஆள் இல்லை என்றார். இவள்தான் மாமியின் கையைப் பிடித்து இருத்தினாள்.

முதலில் என் மனைவி சாட்சி சொன்னாள். தன்னை விட்டுவிட்டுப் போனார் என்று தலை குனிந்தபடி சொன்னாள். பிறகு மாமி ஏறினார். மாமி தமிழில் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார். இரண்டும் எனக்கு விளங்கும் என்பதால் ஒவ்வொரு பதிலையும் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

"மகன் ஏன் போனவர்?" என்று கேட்டார் சட்டத்தரணி.

"குடும்பம் வேண்டாமெண்டு போனவன். பொறுப்பில்லாதவன்."

"மருமகளில ஏதும் பிழை இருக்கா?"

"இல்லை. அவள் நல்ல பிள்ளை. அவன்தான் சரியில்லை."

"இப்ப எங்க இருக்கிறார்?"

"எங்கயெண்டு தெரியாது. எங்கயோ இருக்கிறான்."

கூண்டின் சட்டத்தைப் பிடித்திருந்த அவருடைய விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் மாமி சுவரோரமாகக் குந்திவிட்டார். இவள் தண்ணீர் கொடுத்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டு, "எனக்குச் சொல்லாமல் அவன் ஒரு நாளும் படலை தாண்டினதில்லை" என்றார். பிறகு தானாகவே எழும்பி, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

தீர்ப்பு இறுதியாகும்வரை காத்திருந்து எழுத்து வைத்தோம். பதிவாளர் இவளுடைய பெயருக்கு நேரே 'விவாகரத்துப் பெற்றவர்' என்று எழுதினார். முன்னேஸ்வரம் கோயிலில் தாலி கட்டினேன். வரும்படி எவ்வளவோ கேட்டும் மாமி வரவில்லை. மகள் பிறந்தபோது மட்டும் வந்தார். பத்து நாள் இருந்து பிள்ளையைக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது மாமி இறந்தார். செத்த வீட்டில் பக்கத்து வீட்டுப் பெண் இவளைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தாள். அவளுடைய மகனும் அதே பஸ்ஸில் ஏறினவன். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க அதிகாரிகள் வந்தபோது இருவரும் ஒன்றாகத்தான் போயிருக்கிறார்கள். மாமி படத்தையும் பத்திரங்களையும் மேசையில் வைத்தாராம். மருமகளைப் பற்றிக் கேட்டு, விவாகரத்துத் தீர்ப்பைக் கண்ட அதிகாரி, "அம்மா, மகன் தானா விட்டிட்டுப் போனவரெண்டு நீங்களே கோட்டில சத்தியம் பண்ணியிருக்கிறீங்க. அப்ப இவர் காணாமல் போனவரில்லையே" என்றாராம்.

"உண்மையச் சொல்லனக்கா எண்டு நான் காலால தட்டினன்" என்றாள் அந்தப் பெண். "அவ சொல்லேல்ல. ஓம், நான் கோட்டில சொன்னதுதான் சரியெண்டு சொல்லிப்போட்டு, படத்தை எடுத்துக்கொண்டு எழும்பிட்டா. ஏனெண்டு வெளிய வந்து கேட்டன். பொய்யெண்டு சொன்னா அந்தப் பிள்ளையின்ர எழுத்துச் செல்லாமல் போம், அதுக்கொரு குழந்தை இருக்கெண்டா."

அந்த விசாரணை நடந்து மூன்று வருடம். அதற்குப் பிறகு மாமி பலமுறை எங்களோடு கதைத்திருக்கிறார், ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகளுக்குப் பல்லு விழுந்ததா என்று கேட்பார். பண்ணையில் இறாலுக்கு நோய் வந்ததே, இப்போது எப்படி என்று கேட்பார்.

திரும்பி வரும்போது, பஸ் புத்தளம் தாண்டிய பிறகு, இவள் "நான் போய்ச் சொல்லட்டா?" என்று கேட்டாள். "அவர் என்னை விட்டிட்டுப் போகேல்ல, கொண்டுபோனவங்கள் எண்டு சொல்லட்டா? மாமிதான் இல்ல. அவற்ற பேராவது காணாமல் போன ஆக்களின்ர லிஸ்டில இருக்கட்டுமே."

மகள் என் மடியில் நித்திரையாக இருந்தாள். நீதிமன்றத்தில் பொய் சொன்னதாக ஒத்துக்கொண்டால் தீர்ப்பு என்னவாகும், எங்கள் எழுத்து என்னவாகும், இவளுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. சட்டத்தரணியிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். நான் அதைக்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பயம்.

"வேண்டாம். பிள்ளை இருக்கு. விடு" என்றேன்.

ஓம் என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அவருடைய பெயரை என் முன்னால் சொன்னதில்லை.