ஆடாம நின்ன நாரை

"யாருமே ஒரு நிமிஷம் ஆடாம இருக்க மாட்டேங்கறாங்கப்பா."

எக்ஸ்ரே அண்ணன் தினமும் செருப்பைக் கழட்டும்போதே இப்படித்தான் ஆரம்பிப்பாரு. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறது அவர் வேலை. மூச்சைப் பிடிங்கன்னா இருமறாங்க, கையை நேரா வைங்கன்னா மூக்கைச் சொறியறாங்க. படம் கலங்கிப்போனா டாக்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்கறது இவர்தான்.

"அவங்களுக்கு வலி, ஆடறாங்க. உங்களுக்கென்ன? ஆடாம உக்காந்து சாப்பிடுங்க"ன்னு சம்சாரம் தட்டை வைப்பாங்க.

லீவு நாள்ல இதே புலம்பல் ஏரிக்கரைக்கு மாறிடும். தூரத்துல இருக்கறதைக் கிட்டக் காட்டற, நீளமா குழாய் மாதிரி ஒரு ஸ்கோப், அதை நிறுத்த முக்காலி. கண்ணு வைக்கற இடத்துல போனை மாட்டிப் பறவைங்களைப் படம் எடுப்பாரு. போன் நிக்கறதுக்கு மாத்திரை டப்பா மூடியை அறுத்து இவரே ஒரு பிடி செஞ்சிருந்தாரு. துளி விலகினாலும் படத்தைச் சுத்திக் கறுப்பு வளையம் விழுந்துடும். விரல் பட்டா நடுங்கும்னு ஹெட்போன் பட்டனை அமுக்கித்தான் எடுப்பாரு. இவ்வளவு ஜோடனையும் முடியறதுக்குள்ள பறவை பறந்திருக்கும். போன் முழுக்க வெறும் கிளை.

"மரம் படம் எடுக்கத்தான் போறாரு, பறவைங்க நடுவுல வந்து தொந்தரவு பண்ணுதுங்க"ன்னு சம்சாரம் பக்கத்து வீட்ல சொல்லிச் சிரிப்பாங்க.

அப்படி இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கரையை விட்டுத் தள்ளி, ஒரு கல்லு மேல சாம்பல் நாரை ஒண்ணு நின்னுச்சு. இவர் ஸ்கோப்பைத் திருப்பினாரு, நின்னுச்சு. போனை மாட்டினாரு, நின்னுச்சு. ஒவ்வொரு இறகும் தனித்தனியா தெரியற மாதிரி படம் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையிலயும் அதே கல்லு, அதே நாரை. இவருக்குக் கால் தரையில படல. "ஊர்ல உனக்கு ஒருத்தனுக்குத்தான்யா நிக்கத் தெரியும்"னு அதுகிட்டயே சொன்னாரு. நடுவுல ஸ்கோப் கண்ணாடியில முடி மாதிரி ஏதோ தெரிஞ்சுது. சட்டை நுனியால துடைச்சுட்டு மறுபடி எடுத்தாரு.

'பொறுமைன்னா இதுதான்'னு எழுதி ஆஸ்பத்திரி குரூப்ல போட்டாரு. நர்சுங்க எல்லாம் கைதட்டிட்டாங்க. ஃப்ரேம் போட்டு ஆஸ்பத்திரி ஹால்ல மாட்டிடலாம்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு.

மத்தியானம் பீன்ஸ் நறுக்கிட்டிருந்த சம்சாரத்துக்கிட்ட போனை நீட்டினாரு. அவங்க ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளிப் பார்த்தாங்க.

"ஏங்க, இது நேத்து எடுத்ததா, இன்னிக்கா?"

"முதல்ல இருக்கறது நேத்து. அப்புறம் வர்றது இன்னிக்கு."

"ராத்திரி பூரா இங்கேயேவா நின்னுச்சு? அதுக்குப் பசிக்காதா?"

"நாரைன்னா அப்படித்தாம்மா. உனக்கென்ன தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாளா சாப்பிடாம ஒரே இடத்துல நின்னா உடம்பு சரியில்லைன்னு மட்டும் தெரியும்."

சிரிச்சுக்கிட்டே போனை வாங்கினவரு நாரையோட காலைப் பெருசாக்கிப் பார்த்தாரு. சிரிப்பு நின்னுடுச்சு. துடைச்சும் போகாத அந்த முடி ரெண்டு நாள் படத்துலயும் ஒரே இடத்துல இருந்துச்சு. காலைச் சுத்தி, கல்லு இடுக்குக்குள்ள போச்சு. தூண்டில் நரம்பு. எலும்புல முடி கணக்கா விரிசல் இருந்தாலும் விடாத கண்ணு அவரோடது. நாரை கட்டிப்போட்ட மாதிரி மாட்டிக்கிட்டு நின்னதை நல்ல வெளிச்சத்துல நாப்பது படம் எடுத்துட்டு வந்திருக்காரு.

அவர் வண்டிச் சாவியை எடுத்தாரு. சம்சாரம்தான் கத்தரிக்கோலையும் ஒரு பெரிய துண்டையும் எடுத்தாங்க. "ஹெல்மெட்டைக் கழட்டாதீங்க, கண்ணைக் கொத்திடும்"னாங்க. அதனால ஹெல்மெட்டோட, இடுப்பளவு தண்ணியில ஒரு மனுஷன் நடந்து போறதைக் கரையில இருந்த சனம் வேடிக்கை பார்த்துச்சு. ரெண்டு பேரு போன்ல எடுத்தாங்க.

நாரை அப்ப நிக்கல, கல்லுல சாஞ்சு கிடந்துச்சு. துண்டைப் போட்டு மூடறப்பகூட கொத்தல. அதுதான் அவருக்குத் தாங்கல.

நரம்பை அறுத்துத் தூக்கிட்டுப் போனா, கால்நடை ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கணும்னாங்க. அசையாம பிடிச்சுக்க ஆள் வேணும்னதும் இவரே எக்ஸ்ரே படாம இருக்கப் போடற ஈயக் கோட்டு ஒண்ணை மாட்டிக்கிட்டுப் பிடிச்சாரு. பிடிக்கவே தேவையில்லாம கிடந்துச்சு. பொழுதன்னிக்கும் 'ஆடாதீங்க'ன்னு சொல்ற வாயி, "கொஞ்சம் ஆடேன்"னு முணுமுணுத்துச்சாம். அங்க இருந்த டாக்டரம்மா சொன்னாங்க.

உயிர் தங்கிடுச்சு. கால்ல ரெண்டு விரல் போச்சு, முட்டியும் மடங்கல. அங்கயே பின்கட்டுல கம்பிவலை போட்டு வச்சிருக்காங்க. வெளியில விட முடியுமான்னு டாக்டரம்மா இன்னும் வாய் திறக்கல.

திங்கட்கிழமை வேலைக்குப் போனா, அதுக்குள்ள ஹால்ல படம் மாட்டியாச்சு.

"அதை எடுத்துடலாம் சார். அது மாட்டிக்கிட்டு நின்னுச்சு, நான் கவனிக்கல."

"படத்துல ஒண்ணும் தெரியலையே"ன்னாரு பெரிய டாக்டர்.

"எனக்குத் தெரியுது சார்."

டாக்டர் சிரிச்சுட்டுப் போயிட்டாரு. தானே கழட்டிடலாமான்னு வீட்ல வந்து கேட்டாரு. "கழட்டினா உங்களுக்கு நிம்மதியா இருக்கும். மாட்டியே இருக்கட்டும்"னு சொல்லிட்டாங்க சம்சாரம். அப்பளம் மாதிரி நொறுங்கிட்டாரு, ஆனா படத்தைக் கழட்டல. குரூப்ல 'பொறுமை'ன்னு எழுதினதுக்குக் கீழ நடந்ததை அப்படியே எழுதினாரு. அதுக்கும் ஒரு நர்சு கைதட்டி வச்சுச்சு.

இப்ப 'ஆடாதீங்க'ன்னு அவர் சொல்றதில்லை. "வலிக்குதா, சொல்லிடுங்க"ன்னு கேட்டுட்டு, ஆடி முடியற வரைக்கும் நிக்கறாரு. வரிசை வாசல் தாண்டுது, திட்டும் கூடுது. ஸ்கோப் இன்னும் இருக்கு. ஏரிக்கரையில அதுல பார்த்து, நரம்பு கிடக்கற இடத்தைக் கண்டுபிடிச்சு, போய் அறுத்து எடுத்துட்டு வர்றாரு. போனை மாட்டறதில்லை.

உங்களுக்குக் கைகால்ல அடின்னு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனா, ஹால்ல இருக்கற படத்தைப் பத்தி அவர்கிட்ட பேசாதீங்க, நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சாயங்காலம் கால்நடை ஆஸ்பத்திரிப் பின்கட்டுல கம்பிவலைக்கு இந்தப்பக்கம் உக்காந்திருப்பாரு. ஒருதடவை போய் ரெண்டு பேரையும் பார்த்துட்டு வாங்க. போகும்போது பொடிமீன் கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க, போனை உள்ளயே வச்சுக்கோங்க.