அப்பா வாங்கிய பெரிய கன்

அப்பா மதுரைக்குப் போய் ‘கன்னு’ வாங்கிவரப் போவதாகச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. கன்றுக்குட்டி என்றுதான் நினைத்தேன். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று இரண்டு நாள் யோசிக்கவும் செய்தேன்.

உசிலம்பட்டியைத் தாண்டி, தேனிச் சாலையோரத்தில் அப்பா லாரி டயர் கடை வைத்திருந்தார். நான்கு கம்புகளின் மேல் ஒரு தகரம், பழைய டயர்க் குவியல், காற்றை அடைத்து வைக்கும் ஒரு கம்ப்ரஸர். அதற்குப் பின்னாலேயே எங்கள் வீடு. லாரிச் சக்கரத்தின் நட்டு லேசில் அசையாது. நீண்ட ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி மிதித்துத்தான் அப்பா அதைக் கழற்றுவார். ஒருநாள் குழாய் வழுக்கிவிட்டது. ரோட்டில் விழுந்ததில் வலது தோள் மூட்டு விலகியது. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கையை முழுசாகத் தூக்க முடியவில்லை. அம்மாதான் சட்டை மாட்டிவிட்டாள். “இனிமே அந்தக் கொழாயத் தொட்டீங்கன்னா நான் எங்காத்தா வீட்டுக்குப் போயிருவேன்” என்று அவள் சொன்ன பிறகுதான், காற்றின் வேகத்தில் நட்டைக் கழற்றி முறுக்கும் கன்னைப் பற்றிய பேச்சே வீட்டில் எழுந்தது.

மதுரை காளவாசலில் ஒரு கடைக்கு மூவரும் போனோம். கன்றுக்குட்டி எதுவும் இல்லை. கடைக்காரர் மேசையில் இரண்டு கன்களை வைத்தார். ஒன்று அம்மாவின் இஸ்திரிப் பெட்டி அளவு. இன்னொன்று அதைப்போல இரண்டு மடங்கு. பெரியதைக் காற்றுக் குழாயில் மாட்டி ஒரு நட்டின்மேல் வைத்து அழுத்தினார். தகரக் கூரை மொத்தமாகச் சரிந்து விழுந்ததைப் போன்ற சத்தம். நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

“ஒங்க கம்ப்ரஸர் எத்தன ஹெச்பிண்ணே?”

“அஞ்சு” என்றார் அப்பா.

எங்களுடையது மூன்று. அதன் மேல் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துத்தான் நான் மூன்று எழுதவே பழகினேன். வாயைத் திறந்தேன். அப்பா என் கையை அழுத்தினார்.

“அஞ்சுன்னா பெருசு தாங்கும். மூணுன்னா சின்னதே போதும்ணே. பெருசு இருக்கிற காத்து அம்புட்டையும் குடிச்சிரும். டேங்க்ல காத்து எறங்கிருச்சுன்னா சத்தம் அதே சத்தந்தேன் வரும், நட்டுல பிடிப்பு இருக்காது. எதுக்கும் கடைசியா ஒருக்கா கையால முறுக்கிப் பாத்துருங்க.”

இதெல்லாம் பிறந்ததிலிருந்தே தெரியும் என்பதுபோல அப்பா தலையாட்டினார். பெரியதையே வாங்கினார். எங்களுக்கு எதிரே புதிதாக வந்த டயர் கடையிலும் பெரியதுதான் இருந்தது.

கம்ப்ரஸர் சின்னது என்பதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அதன் மீட்டர் கண்ணாடியில் அம்மாவின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டார். “முள்ளு இந்தக் கோட்டுக்குக் கீழ எறங்குச்சுன்னா சத்தம் போடு ஆத்தா. நான் நிறுத்திக்கிருவேன். காத்து ஏறுனதும் மறுபடி ஆரம்பிப்பேன்.” இதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

கம்ப்ரஸர் பக்கத்தில் போனால் அது வெடித்துக் கூரையோடு தூக்கிக்கொண்டு போய்விடும் என்று சின்ன வயதிலிருந்து என்னிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தக் கதையைத் திரும்பப் பெற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

முதல் லாரி மறுநாள் காலையில் வந்தது. செங்கல் பாரம். ஓட்டுநருடன் அவருடைய மகளும் வந்திருந்தாள், என் வயதுதான் இருக்கும். பள்ளி விடுமுறைக்கு அப்பாவோடு ஊர் சுற்றுகிறாளாம். அவர்கள் டீ குடிக்கப் போக, அப்பா பின் சக்கரத்தை மாட்டத் தொடங்கினார். கன் அலறியது. கம்ப்ரஸர் நடுங்கியது. நான் இரண்டு காதுகளையும் பொத்தினேன். பிறகு கண்களையும் மூடிக்கொண்டேன்.

சத்தம் நின்ற பிறகு கண்ணைத் திறந்தேன். முள் கோட்டுக்கு வெகு கீழே கிடந்தது. அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். கையால் முறுக்கிப் பார்க்க அந்தத் தோள் ஒத்துழைக்கவில்லை. அவ்வளவு சீக்கிரம் வேலை முடிந்ததில் அவருக்கு அது தேவையாகவும் படவில்லை. லாரி கிளம்பியது. ஜன்னல் வழியே அந்தப் பெண் எனக்குக் கை காட்டினாள். நான் காட்டவில்லை.

அடி விழும் என்ற பயத்தில் வீட்டுக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். லாரி போகும் வழியில்தான் கணவாய் இருந்தது. அந்த வளைவுகளில் சக்கரம் கழன்று உருண்டால்? அந்தப் பெண்ணின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. கடைசியில் அழுதுகொண்டே அப்பாவிடம் போனேன்.

“முள்ளு கீழ கெடந்துச்சுப்பா.”

“எப்ப?”

“தெரியலப்பா. கண்ண மூடிட்டேன்.”

அப்பா திட்டவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஓட்டுநரின் போன் நம்பரும் வாங்கி வைக்கவில்லை. ஸ்பேனரையும் அந்தக் குழாயையும் எடுத்தார். அம்மா ஓடி வந்தாள். மொபெட்டில் பின்னால் ஏறி, இரண்டையும் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். நான் முன்னால் நின்றேன்.

அந்த வண்டி அவ்வளவு வேகமாகப் போகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஓரிடத்தில் ரோட்டோரம் கூட்டமாக இருந்தது. அப்பாவின் மூச்சு நின்றதை என் பிடரியில் உணர்ந்தேன். ஷேர் ஆட்டோவிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். இன்னொரு வளைவில் ரோட்டில் செங்கல் துண்டுகள் கிடந்தன. “சாமீ” என்றாள் அம்மா. அதற்கு அப்பால் ரோடு வெறுமையாக இருந்தது.

கணவாய் ஏற்றத்துக்கு முன்னால், கோயிலருகே லாரி நின்றது. சூடம் கொளுத்திவிட்டுத்தான் ஓட்டுநர்கள் மேலே ஏறுவார்கள். அந்தப் பெண் படியில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். அப்பா யாரையும் பார்க்காமல் நேரே சக்கரத்திடம் போனார். ஒரு நட்டை இரண்டு விரலால் திருப்பினார். அது சுற்றியது. அடுத்ததும் சுற்றியது. நான்கு நட்டுகள் அப்படி இருந்தன.

ஓட்டுநர் நெற்றி நிறைய திருநீற்றோடு வந்தார். “என்னண்ணே, எதையும் மறந்துட்டு வந்துட்டேனா?”

“நாந்தேன் மறந்துட்டேன். நட்டு சரியா முறுக்கல. தப்பு என்னோடது.”

நட்டைத் தொட்டுப் பார்த்த ஓட்டுநர் அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். “உள்ள எம்புள்ள ஒக்காந்திருக்குய்யா” என்றார். அப்பா கையை எடுக்கச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவராகவே விட்டுவிட்டார். பிறகு அப்பா இடது கையால் குழாயைப் பிடிக்க, அம்மா தன் பாரம் முழுவதையும் அதன்மேல் வைத்து அழுத்த, ஓட்டுநரும் சேர்ந்துகொண்டார். பத்து நட்டையும் முறுக்கினார்கள்.

திரும்பி வரும் வழியில் அப்பா வண்டியை நிறுத்தினார். “இந்தா வாரேன்” என்று சொல்லிவிட்டுக் கருவேலம் புதருக்குப் பின்னால் போனார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னை அடிக்கக் கம்பு ஒடிக்கப் போயிருக்கிறார். நெடுநேரம் அவர் வரவில்லை. அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்பேனரை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. சட்டைத் தோளில் முகம் துடைத்த ஈரம். நல்ல கம்பாகக் கிடைக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். வீடு வந்து சேரும் வரை, சாலையோரத்தில் ஒவ்வொரு செடி வந்தபோதும் வண்டி நிற்கப்போகிறது என்று பயந்துகொண்டே வந்தேன்.