மாமாவுக்கு அடித்த கோழி

அம்மாவின் சமையலில் மாதத்துக்கு மூன்று பருவங்கள் உண்டு. சம்பளம் வந்ததும் துவரம்பருப்பு, தேங்காய், முட்டை. நடுவில் பாசிப்பருப்பு, தட்டைப்பயறு, சந்தை கலையும் நேரத்தில் கூறுபோட்டு விற்கும் காய்கள். கடைசியில் கொள்ளு, ராகிக்களி, வேலியோரத்துக் கீரை, அடுப்பில் ஏற்றவே தேவையில்லாத பச்சைப்புளி ரசம். மூன்றிலும் வயிறு நிறையும். எந்த நாளிலும் தட்டில் ஒரு பருப்போ பயறோ இல்லாமல் இருக்காது. அது அம்மா தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம்.

மாமா வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பருவத்தில் வந்து விழுந்தது.

அப்போது நாங்கள் திருச்செங்கோட்டில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அப்பா போர்வெல் லாரியில் வேலை பார்த்தார். வடக்கே எங்கோ போர் போடும்போது இரும்புக் குழாய் உருண்டு காலில் விழுந்து, மாவுக்கட்டோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி பார்த்துக்கொண்டார், சம்பளம் நின்றுபோனது. எப்போது நடப்பார் என்று டாக்டருக்கே தெரியவில்லை. நூல் மில்லில் அம்மாவுக்கு வரும் சம்பளத்தில்தான் அப்பா, அம்மா, நான், தம்பி நான்கு பேரும் சாப்பிட வேண்டும்.

மாமா அம்மாவின் அண்ணன். மல்லசமுத்திரம் பக்கம் பிறந்த வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் காலைப் பார்க்கத்தான் வருகிறார் என்றாலும், அம்மாவுக்கு அதில் வேறொரு வேலை இருந்தது. அவரிடம் இரண்டு மூட்டை அரிசி கேட்க வேண்டும். ரேஷன் அரிசி பாதி மாதத்துக்கு மேல் வருவதில்லை. அரிசிச் செலவு மட்டும் குறைந்தால் பாலும் முட்டையும் நிற்காது என்பது அவள் கணக்கு. துணி துவைக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"அண்ணா, உங்க மாப்ள எந்திரிக்கிற வரைக்கும் ரெண்டு மூட்டை அரிசி மட்டும் குடுத்தீங்கன்னா, மத்தத நான் பாத்துக்குவனுங்க."

ஒவ்வொரு தடவையும் 'மட்டும்' என்ற சொல் இடம் மாறியது. கேட்டுக் கேட்டு எனக்கும் அது ஆண்டுவிழா வசனம்போல மனப்பாடமாகிவிட்டது.

என்ன சமைப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. இருப்பதைப் போட்டால் போதும், பார்த்தால்தானே அண்ணனுக்கு நிலைமை தெரியும் என்றாள் அம்மா. கட்டிலில் கிடந்த அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"மச்சானுக்குக் களியக் கிண்டிப் போடுவியா? காலு போனதும் சோத்துக்குச் சிங்கியடிக்கறான்னு ஊரெல்லாம் பேசறதுக்கா?"

"அப்பறம் நான் எப்பிடீங்க கேக்கறது?"

"கேளு. வேண்டாங்கல. கோழியடிச்சுப் போட்டுட்டுக் கேளு."

எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டு ஆள் வந்தால் கோழி அடிப்பது வழக்கம். அடித்தால் அதை யாரும் பேச மாட்டார்கள், அடிக்காவிட்டால் பேசுவார்கள். அம்மா மறுநாளே மில்லில் கோழி விசாரித்தாள்.

நாட்டுக்கோழி வாங்க வழியில்லை. மில்லில் அம்மாவோடு வேலை பார்த்த ஒருவரின் கணவர் முட்டைப் பண்ணையில் இருந்தார். முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளைப் பண்ணைக்காரர்கள் மொத்தமாகக் கழித்து வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். அப்படிக் கழித்ததில் ஒன்று எங்களுக்கு மலிவாகக் கிடைத்தது. வெள்ளைக் கோழி. கூண்டுக் கம்பியில் உரசி உரசிக் கழுத்தில் பாதி இறகு இல்லை. தம்பி அதைக் கட்டிப்போட்ட இடத்தைவிட்டு நகரவே இல்லை.

அந்தக் கோழிக்காக மாதத்தின் மீதி நாட்களுக்குப் பால் நின்றது. அடுத்த வாரத்துக்கென்று வைத்திருந்த கடலெண்ணெய் குழம்புக்குள் போனது, சின்ன வெங்காயம் போனது, முழுதாக இருந்த ஒரே தேங்காயும் போனது. கேஸை மிச்சம் பிடிக்க அம்மா வெளியே மூன்று கல்லைக் கூட்டித் தென்னை மட்டையை எரித்தாள். ஓய்ந்த கோழியின் கறி லேசில் வேகாது. பப்பாளிக்காய்த் துண்டுகளைப் போட்டுக் காலையிலிருந்து வேகவைத்து, மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்து ஊற்றினாள். லைன் முழுக்க மணந்தது.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "ஏனுங்கக்கா, பொதையல் கிதையல் எடுத்தீங்களா?"

"ஆமா, அடுப்புக்கு அடியிலதான் இருந்துச்சு. நீயும் உங்கூட்டுல தோண்டிப் பாரு" என்றாள் அம்மா. புகையில் அவள் கண் சிவந்திருந்தது.

மாமா மதியம் மொபெட்டில் வந்தார். கையில் வாழைப்பழமும் பொரியும் இருந்தன. அப்பாவின் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தார், மழை இல்லாததைச் சொன்னார், இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். முதல் வாய் உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மணி, இந்த மாதிரி நாட்டுக்கோழி தின்னு எத்தன நாளாச்சு!"

"வெள்ளக் கோழி மாமா" என்றான் தம்பி. "கழுத்துல முடியே இல்ல."

அம்மா அவன் தொடையில் கிள்ளியது எனக்குத் தெரிந்தது. மாமா நிமிரவில்லை.

"வெள்ளையோ கருப்போ, நாட்டுக்கோழி நாட்டுக்கோழிதான் சாமி. உனக்கென்ன தெரியும், நீ பொடியன்."

அடுத்த கரண்டியில் கோழியின் வயிற்றிலிருந்த சின்னச் சின்ன மஞ்சள் கருக்கள் வந்தன. இனிமேல் முட்டையாக வேண்டியவை. மாமா அவற்றை இலையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துப் பார்த்தார்.

"முட்டையிடற கோழியவே அடிச்சுப்போட்டியா? எங்கூட்டுக்காரிக்கு இந்த மனசு வருமா? மாப்ள, நீங்க குடுத்து வெச்சவருங்க."

கட்டிலிலிருந்து அப்பா சிரித்தார். கால் உடைந்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"மாப்ள படுத்துட்டாரேன்னு பயந்துக்கிட்டே வந்தேன். இப்பத்தான் நெஞ்சு ஆறுச்சு. உன்னப்பத்தி எனக்கு இனிக் கவலையில்ல சாமி" என்ற மாமா, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கெணறு அடியோட வத்திப்போச்சு அம்மணி. இந்த வருசம் பொங்கச்சீரு வரலீன்னா மனசுல வெச்சுக்காத."

"அண்ணா" என்றாள் அம்மா.

எனக்கு அடுத்த வரி தெரியும். உள்ளுக்குள் நானும் சேர்ந்து சொல்லத் தயாராக இருந்தேன்.

"அண்ணா, இன்னுங் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?"

போடச் சொன்னார். சாப்பிட்டார். கிளம்பும்போது, அவர் பிள்ளைகளுக்கு என்று அம்மா மீதிக் குழம்பைத் தூக்குப்போசியில் ஊற்றி நீட்டினாள். எங்கள் ஊரில் இப்படி நீட்டுவதை மூன்று தடவையாவது மறுத்த பிறகுதான் வாங்குவார்கள். மாமா ஒரே தடவைதான் வேண்டாமென்றார்.

நான் இப்போது கோழித் தீவன ஆலையில் வேலை பார்க்கிறேன். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, கிளிஞ்சல் தூள்; எதைக் கூட்டி எதைக் குறைத்தால் செலவு இறங்கும், ஆனால் சத்து இறங்காது என்று கணினியில் கணக்குப் போடுவது என் வேலை. பண்ணைகளுக்குப் போய்வந்து பழகியதில், கழித்த கோழியின் எலும்பு கடித்தவுடன் நொறுங்கிவிடும் என்பதும் தெரியும். இது தெரிவதற்குப் படிப்பு தேவையில்லை. மாமாவின் தோட்டத்தைச் சுற்றிலும் பண்ணைகள்தான். முதல் எலும்பிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். போதாததற்குத் தம்பி வேறு சொல்லிவிட்டான். தெரிந்துதான் நாட்டுக்கோழி என்றார். அப்படிச் சொல்லிவிட்டால் தங்கை கேட்க மாட்டாள், தானும் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. அவரைக் கெட்டவர் என்று என்னால் நினைக்க முடியவில்லை. கிணறு வற்றிய அந்த வருடம் அவர் வீட்டு அடுப்பில் எந்தப் பருவம் நடந்துகொண்டிருந்ததோ.

அன்று மாமாவின் மொபெட் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. உள்ளேயிருந்து அப்பா கேட்டார்.

"கேட்டியா?"

அம்மா சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்து எங்கள் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ரெண்டாந் தடவ சோறு வாங்கிச் சாப்புட்டாருங்க" என்றாள்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. மாமாவுக்குச் சாப்பாடு பிடித்துவிட்டது; ஆகவே அரிசி வந்துவிடும். கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய துணி மூட்டையையும் தம்பியின் உடைந்த பொம்மை லாரியையும் இழுத்து வெளியே போட்டேன். இடத்தைப் பெருக்கினேன். அரிசி மூட்டை தரையில் பட்டால் ஈரம் ஏறும் என்று அம்மா சொல்லிக் கேட்டிருந்ததால், வெளியே போய், அடுப்புக்குக் கூட்டிய கற்களை ஆறவைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து அங்கே வரிசையாக வைத்தேன்.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துப் போடு என்று சொல்லவில்லை. கடைசிக் கல் எனக்குக் கனமாக இருந்தது. வந்து ஒரு கை பிடித்து, அதையும் உள்ளே தள்ளி வைத்தாள்.