கள்ளனுக்கு நான் கொடுத்த குரல்

வெள்ளிக்கிழமை காலையில் பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு ஆரியசாலைக்கு நடந்துபோவேன். அங்கே ஒரு பருப்பு மொத்தக் கடையில் எனக்கு வேலை. போன வருஷம் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, கிழக்கேகோட்டையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருபது இருபத்தைந்து பேர் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், திருவனந்தபுரத்தில் இது தினசரிக் காட்சி. நம்மூரில் குழாயில் பத்து நாள் தண்ணீர் வராவிட்டால்தான் பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்காருவார்கள். இங்கே எதற்கும் நிற்பார்கள். ஆனால் இவர்கள் கட்சிக்காரர்கள் மாதிரித் தெரியவில்லை. கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள் மாதிரி நல்ல சட்டையும் நல்ல செருப்புமாக இருந்தார்கள். என்ன விஷயம் என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். நகரத்துக்கு வெளியே இருக்கிற விளையாட்டுப் பார்க்கில், குகைக்குள் தண்ணீரில் போட்டில் போகிற பழைய ரைடை மாற்றிவிட்டார்களாம். பழையபடி ஆக்க வேண்டுமாம்.

ஒரு விளையாட்டு போட்டுக்கா இவ்வளவு பேர் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ் போர்டைப் பார்த்து மலையாள எழுத்துப் படித்தவன் நான், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அவள் கையில் இருந்த அட்டையைக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். எழுத்து மலையாளம், வார்த்தை தமிழ். “எய்யா சாஸ்தா, என்னப் பெத்த அப்பா, என்னக் கைவிட்டுராதய்யா.” அது என் வார்த்தை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் குகைக்குள் நின்று நான் சொன்னது.

நான் எட்டாவது வரை படித்தவன். வள்ளியூர்ப் பக்கத்தில் இருந்து இங்கே வந்தபோது முதலில் கிடைத்தது அந்தப் பார்க்கில்தான் வேலை. அப்போது அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எலக்ட்ரீசியனுக்குக் கையாள், குகைக்குள் வயர் இழுப்பது என் பாடு. உள்ளே ஒரு ராஜா, அவருடைய கஜானா, அதைத் திருட வந்த கள்ளன், அவனை அடிக்கிற காவல்காரன் என்று ஆள் உயரப் பொம்மைகள் வைத்திருந்தார்கள். போட்டு அந்த இடத்துக்கு வரும்போது காவல்காரன் கம்பை ஓங்குவான். கள்ளன் கை கூப்பிக்கொண்டு தலையைத் திருப்பிக் கத்த வேண்டும். ஒரு நாள் சத்தம் பதிவு செய்ய ஆட்கள் வந்தார்கள். ராஜாவுக்கும் காவல்காரனுக்கும் நாடகக்காரர்கள் மலையாளத்தில் பேசினார்கள். கள்ளனுக்கு யார் என்று வந்தபோது சவுண்டுக்காரர், “கள்ளன் தமிழ் பறஞ்ஞால் மதி, ஆளுகள் சிரிக்கும்” என்றார், கள்ளன் தமிழ் பேசினாலே போதும் என்று. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “எடா, அடி கிட்டும்போள் நீ எந்தா பறயுக?” அடி விழும்போது நீ என்ன சொல்வாய் என்று என்னைக் கேட்கிறார்.

நான் உண்மையாகவே யோசித்தேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், எங்களுக்குக் குலதெய்வம் சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்கு எங்கே இருந்தாலும் போய்விடுவோம். தீபம் காட்டும்போது ஆணும் பெண்ணும் வாய்விட்டு அவரைக் கூப்பிடுவோம். மனசுக்குள் கும்பிடுவது எங்களுக்குக் கும்பிட்ட கணக்கிலேயே வராது. அடி விழுந்தாலும் காய்ச்சல் வந்தாலும் வாயில் வருவது அந்தக் கூப்பாடுதான். அதைச் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். “கொறச்சு நீட்டிப் பற” என்றார் சவுண்டுக்காரர். ‘அப்பா’வை நீட்டினேன். இன்னும் சிரித்தார்கள். மூன்றாம் தடவை நானே அழுகுரல் சேர்த்து, மூக்கை உறிஞ்சி, கடைசி ‘யா’வை ஆட்டிவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டீயும் பழம்பொரியும் வாங்கித் தந்து பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். வந்து நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து டீ குடித்தேன். விவரம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. முதல் தடவை கூப்பிட்டது சாமியை. மூன்றாவது தடவை கூப்பிட்டது சிரிக்கிறவர்களை.

ஊருக்குப் போனபோது என் வீட்டுக்காரியிடம் மட்டும் பெருமையாகச் சொன்னேன். அப்போது எங்களுக்குக் கல்யாணமான புதுசு. அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “சாமி பேரையா திருடன் வாயில கொண்டு வச்சிய?” என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசினதே இல்லை. வேலையை விட்டு ஆரியசாலைக்கு வந்தேன், அவளை இங்கே கூட்டி வந்தேன், முத்துலட்சுமி பிறந்தாள். இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளையும் அந்தப் பார்க்குக்குக் கூட்டிப்போவார்கள். நாங்கள் முத்துவைக் கூட்டிப்போனதில்லை. நாலாம் வகுப்பில் ஸ்கூலில் இருந்து கூட்டிப்போனார்கள். திரும்பி வந்து ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டாள். போட்டில் போனது தலைசுற்றல் என்று வீட்டுக்காரி சொன்னாள். நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாளோ என்று பயம்.

இப்போது கள்ளனை எடுத்துவிட்டு, தோளில் கிளியோடு ஒரு வெளிநாட்டுக் கடற்கொள்ளைக்காரனை வைத்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. பல் விழுந்த வயசில் அந்தப் போட்டில் அப்பாவோடு எடுத்த போட்டோவைக் காட்டினாள். அப்பா இப்போது இல்லையாம். இன்னொரு பையன் குகைக்குள் எத்தனை வளைவு, எந்த வளைவில் எந்த நிற லைட்டு என்று மனப்பாடமாகச் சொன்னான். அவர்களை நான் கேலி செய்யவில்லை. எங்கள் சாஸ்தா கோயிலில் பழைய மண்குதிரையை எடுத்துவிட்டு சிமெண்ட் குதிரை வைத்தபோது நாங்கள் ஒரு வருஷம் சொந்தக்காரர்களோடு பேசாமல் இருந்திருக்கிறோம். சின்ன வயசில் பார்த்ததை அப்படியே வை என்று கேட்பதில் ஒரு பக்தி இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கள்ளனைத்தான் அவர்கள் ரொம்பத் தேடினார்கள். அவனுக்குப் பாண்டிக்கள்ளன் என்று செல்லப் பேர். நம்மை இங்கே பாண்டி என்பார்கள், உங்களுக்குத் தெரியும்.

நான் வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போயிருக்கலாம். “அது என் சத்தம்” என்று சொன்னேன்.

அவர்கள் நம்பவில்லை. ஒரு தடவை சொல்லிக் காட்டினேன். அதற்குப் பிறகு என்னைச் சுற்றி ஒரே கூட்டம். ஒருவன் என் காலைத் தொட்டான். “சேட்டா, ஒண்ணுகூடிப் பறயாமோ?” இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஐந்து தடவை போனைப் பிடித்துக்கொண்டு சொல்ல வைத்தார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த இழுப்பும் ஆட்டமும் அப்படியே வந்தன. நடுவில் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. “இது தமாஷ் இல்ல மோனே, எங்க குலதெய்வத்தைக் கூப்பிடுறது” என்றேன். அதுவும் ஒரு தமாஷ் என்று நினைத்து, “சேட்டன் ஆளு கொள்ளாமல்லோ”, ஆள் பரவாயில்லையே என்று முதுகில் தட்டினார்கள். நானும் சிரித்தேன். கள்ளன் திரும்ப வர வேண்டுமா என்று கேட்டார்கள். வரணும் என்று என் அரைகுறை மலையாளத்தில் சொன்னேன். கடைக்குப் போகும்போது எனக்கு நடை வேறு மாதிரி இருந்தது. இந்த ஊரில் என்னைத் தொட்டுக் கும்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

முத்து கழக்கூட்டத்தில் வேலை பார்க்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். கழுத்தில் ஆபீஸ் கார்டைக்கூடக் கழற்றவில்லை. போனை என் முன்னால் வைத்தாள். நான் கை கூப்பிக் கத்துகிறேன், சுற்றி எல்லாரும் சிரிக்கிறார்கள்.

“இது இன்னைக்கு எடுத்தது, சரி. அந்தப் பழைய சத்தமும் நீங்கதானா?”

“ஆமா.”

“எனக்குத் தெரியவே தெரியாதேப்பா” என்றாள். பிறகு மெதுவாக, கோபம் இல்லாமல் சொல்ல ஆரம்பித்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலாம் வகுப்பில் அந்தப் போட்டில் போய்வந்த மறுநாளில் இருந்து, டீச்சர் அவள் பேரைக் கூப்பிட்டால் பின் பெஞ்சில் இருந்து ‘என்னப் பெத்த அப்பா’ என்று இழுப்பார்களாம். பத்தாவது வரை. வகுப்பில் அவள் ஒருத்திதான் தமிழ். ஒரு நாள் நான் வேட்டி கட்டிக்கொண்டு கேட்டில் நின்று அவளைக் கூப்பிட, மொத்த வராந்தாவும் அதைச் சொல்லிச் சிரித்ததாம். அன்றைக்கு அவள் என்னைத் தெரியாத மாதிரி வேறு வாசல் வழியாகப் போய்விட்டாள். பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன் என்று என்னிடம் சொன்னதை நான் நம்பியிருந்தேன்.

“அந்தக் கள்ளனை எடுக்கச் சொல்லி எழுதினது நாந்தாம்ப்பா” என்றாள். “ஆபீஸ்ல என்கூட ரெண்டு மலையாளிப் பொண்ணுங்களும் கையெழுத்துப் போட்டாங்க. ரெண்டு வருஷமா எழுதி, போன மாசம்தான் எடுத்தாங்க. பால்கோவா வாங்கிட்டு வந்தேனே, ஆபீஸ்ல ஒரு வேலை நல்லா முடிஞ்சதுன்னு. இதுக்குத்தான்.”

நான் இரண்டு துண்டு தின்றிருந்தேன்.

“சாஸ்தா கோயிலுக்கு நீ வராம இருக்கிறதும் இதனாலயா?” என்று வீட்டுக்காரி அடுப்படியில் இருந்து கேட்டாள். ஒன்பது வருஷமாகப் பரீட்சை, வேலை என்று ஏதாவது சொல்லிப் பங்குனி உத்திரத்துக்கு வராமல் இருந்தவள் அவள். அந்தக் கேள்விக்குத்தான் முத்து அழுதாள். “அங்க நம்ம ஆளுங்க எல்லாரும் அதே மாதிரி கூப்பிடுவாங்கம்மா. எனக்குப் போட்டு ஞாபகம் வரும். சிரிப்பு வந்துரும். ஒரு தடவை சாமி முன்னாடியே சிரிச்சிட்டேன். ஏதாவது ஆயிருமோன்னு ராத்திரியெல்லாம் பயந்தேன். அப்புறம் போகவே பிடிக்கல.”

ஊரில் இருக்கிறவர்கள், பிள்ளைகள் வெளியூரில் வளர்ந்தால் சாமியை மறந்துவிடுவார்கள் என்பார்கள். நானும் இந்த ஊரின் மேல்தான் பழி போட்டிருந்தேன். மலையாள ஸ்கூல், ஆபீஸ், காலம் என்று பத்துக் காரணம் வைத்திருந்தேன். என் மகளுக்குச் சாமியைக் கேலிப்பொருளாக ஆக்கிக் கொடுத்தது நான். ஒரு டீக்கும் பக்கத்தில் உட்காரக் கிடைத்த இடத்துக்கும். அந்த வயசில் செய்தது ஒன்று. அன்றைக்குக் காலையில் செய்ததை என்ன சொல்வது? “தப்புதாம்மா” என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

வீடியோ நிறையப் பேருக்குப் போய்விட்டது. பார்க்கில் இருந்து கூப்பிட்டார்கள். ஆட்கள் கேட்பதால் கள்ளனைத் திரும்ப வைக்கப்போகிறோம், பழைய பதிவு தேய்ந்துபோயிற்று, சேட்டன் வந்து புதிதாகப் பேசித் தர வேண்டும் என்றார்கள். கடையில் பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்து, போனில் பேசின மேனேஜரிடம் என் அரைகுறை மலையாளத்தில் சொன்னேன், அது சாமியைக் கூப்பிடுகிற வார்த்தை, நான் பேச மாட்டேன், நீங்களும் வைக்காதீர்கள், என் பிள்ளை அதனால் ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கிறாள் என்று. அவர் நல்ல மனிதர்தான், முழுக்கக் கேட்டார். மகளுக்கு உடம்பு சரியில்லை என்று புரிந்துகொண்டார் போல. “சாரமில்லா சேட்டா, மோளெ நோக்கிக்கோ” என்றார். பரவாயில்லை, மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. இந்த ஊரில் மிமிக்ரிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. என் வீடியோவைக் கேட்டு ஒரு பையன் இரண்டே நாளில் பேசிக் கொடுத்துவிட்டான். கள்ளன் திரும்ப வந்துவிட்டான். பழைய குரலின் சுகம் இதில் இல்லை என்று ரசிகர்களில் சிலருக்கு இப்போதும் குறைதானாம். கடைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

முத்து மறுபடி எழுதவில்லை. எழுதலாமே என்று நான் சொன்னதற்கு, “உங்க வீடியோவையே எனக்குத் திருப்பி அனுப்புவாங்கப்பா” என்றாள்.

இந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்கு வருகிறாயா என்று பயந்து பயந்துதான் கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னாள். “வரேன். ஆனா நீங்க சத்தமாக் கூப்பிடக் கூடாது. மத்தவங்க கூப்பிட்டாக்கூடப் பொறுத்துக்குவேன். உங்க வாயில இருந்து அது வந்தா, சிரிப்பேனா அழுவேனான்னு எனக்கே தெரியல.” சரி என்றேன். என் வாய்க்கு நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஐந்து தடவை போனுக்கு முன்னால் கத்தினதில் இருந்து, தனியாகக் கும்பிடும்போதுகூட அந்த இழுப்புத்தான் தொண்டைக்கு வருகிறது. இழுக்காமல் எப்படிக் கூப்பிட்டேன் என்பது மறந்துபோயிற்று.

காட்டுக்குள் இருக்கிற எங்கள் கோயிலில் நல்ல கூட்டம். திரை விலகித் தீபம் காட்டினதும் எங்கள் சனம் முழுக்க ஒரே குரலாகக் கூப்பிட்டது. எய்யா, எய்யா என்று காடு அதிர்ந்தது. வீட்டுக்காரியும் கூப்பிட்டாள். நான் உதட்டை மூடிக்கொண்டு நின்றேன். இந்தப் பக்கம் நின்ற என் அண்ணன் முழங்கையால் இடித்தான். “எலேய், வாயத் தொற. மலையாளத்துக்குப் போயி சாமியக் கூப்பிடக்கூட மறந்துட்டியோ?” முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் மறுபடி இடித்தான். அந்தப் பக்கம் முத்து நின்றாள். அவள் சாமியைப் பார்க்கவில்லை, என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கை கூப்பி நின்றேன். பூசாரி தீபத்தை எங்கள் முன்னால் ஒரு சுற்று காட்டிவிட்டு அடுத்த குடும்பத்துக்கு நகர்ந்தார்.