நீர்நாய்கள் தவறவிட்ட இரண்டு புள்ளி

திங்கட்கிழமை காலையில் நீவா டாக்கெட்டுக்குக் குரல் இருக்காது. சனிக்கிழமை மைதானத்தில் கத்தித் தீர்த்திருப்பாள். அவள் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை உட்காரச் சொல்ல வேண்டுமென்றால் ஹார்னைத்தான் அடிப்பாள். ஒரு தடவை அடித்தால் நம் அணி ஜெயித்தது, விடாமல் அடித்தால் தோற்றது என்று பிள்ளைகளே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பெரும்பாலும் விடாமல்தான் அடிப்பாள்.

ஓஹையோ ஆற்றை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. ஒரு கல்லூரி, அதற்கு ஒரு ஃபுட்பால் அணி; பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால். பெயர் நீர்நாய்கள். எதிரணி ரசிகர்கள் செத்த மீனைக் கொண்டுவந்து எங்கள் பக்கம் வீசுவார்கள். நீவா பத்தொன்பது வயதில் அந்த மைதானத்துக் கடையில் ஹாட் டாக் விற்கப் போனாள். அப்புறம் மின்வேலை பார்த்த ராய்ஸைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவன் குழாய் பதிக்கும் வேலைக்கென்று டெக்சாஸ் போனான், திரும்பி வரவில்லை. அவள் அழுததை நான் பார்த்ததில்லை. அவன் கிளம்பிப் போன அந்த வாரச் சனிக்கிழமையும் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் பதினோராவது வரிசையில், பிளாஸ்கில் காரமான கறிச் சூப்போடு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வருடம் அதே இடம். அத்தனை வருடத்தில், தோற்றதைவிட அதிகமாக ஜெயித்த வருடம் நான்கே நான்கு.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அக்டோபரில் கல்லூரியிலிருந்து அறிவிப்பு வந்தது. மாணவர்கள் குறைந்துவிட்டார்கள், இந்தப் பருவத்தோடு ஃபுட்பால் அணி இல்லை. நீவா வீடு வீடாகப் போய் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கி நிர்வாகக் குழுவுக்கு அனுப்பினாள். பதில் இரண்டு வரியில் வந்தது. முதல் வரி நன்றி.

கடைசி ஆட்டம் நவம்பரில், தூறலில், பகல் ஒரு மணிக்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியோடு. நானூறு பேர் வந்திருந்தால் அதிகம். நான்கு நிமிடம் மிச்சமிருக்கும்போது இருபத்தெட்டுக்குப் பதினான்கு என்று பின்தங்கியிருந்தோம். பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். அப்போது எங்கள் பையன்கள் எப்படியோ பந்தை எதிரணி எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்விட்டார்கள். ஆறு புள்ளி. அதற்குமேல் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஒரு புள்ளி சேர்க்கலாம், அது எளிது. இல்லாவிட்டால் இன்னொரு தடவை பந்தோடு கோட்டைத் தாண்டி இரண்டு புள்ளி எடுக்கலாம், அது கஷ்டம். கோச் இரண்டுக்குப் போனார். கிடைக்கவில்லை. ஒன்பது வினாடி இருக்கையில் மறுபடியும் ஆறு அடித்தோம். இருபத்தெட்டுக்கு இருபத்தாறு. இப்போது சமன் செய்ய இரண்டு எடுத்தே ஆகவேண்டும். பந்து எங்கள் அணியின் ஹோல்கம் பையனின் கையில் வந்து விழுந்தது. பட்டுத் தெறித்துக் கீழே போனது.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு, வழக்கம்போல டோனட் கடையில் நாங்கள் மூன்று பேர். நான் டயர் கடைக்காரன், கிளெட். நீவாவும் நானும் ஒரே வகுப்பு. மூன்றாவது ஆள் ஆர்வில் புரூயிட், எங்கள் இருவருக்கும் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவர், ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் ஆகிறது.

நீவா கிசுகிசுத்த குரலில் ஆரம்பித்தாள். “முதல் தடவை அந்த ஆள் எதுக்கு ரெண்டுக்குப் போனான்? பேசாம உதைச்சு ஒண்ணை வாங்கிட்டு வர வேண்டியதுதானே?”

“ஏம்மா, எத்தனை வருஷம் உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்?” என்றார் ஆர்வில்.

“ரெண்டு வருஷம். ரெண்டுலயும் ஃபெயில் போட்டீங்க.”

“தெரியுதுல்ல? இப்பவாவது கேளு.” காகிதக் கைக்குட்டையை விரித்துப் பேனாவை எடுத்தார். “பதினாலு பின்னாடி இருக்கோம். முதல்ல ரெண்டு கிடைச்சா, அடுத்ததுல ஒண்ணு போதும், ஜெயிச்சாச்சு. கிடைக்கலைன்னா அடுத்ததுல ரெண்டு எடுத்துச் சமன் பண்ணலாம். ரெண்டு தடவையும் உதைச்சா? வெறும் சமன்தான். ரெண்டுக்குப் போனா பாதிக்குப் பாதி கிடைக்கும்னு வச்சுக்கிட்டாக்கூட கோச் பண்ணதுதான் சரி.”

“எங்க இருக்கு பாதிக்குப் பாதி? அன்னிக்குப் பூரா மூணு கஜம் சேர்ந்தாப்ல நகர முடியாம உருண்டுக்கிட்டிருந்த பசங்க! நீங்க எழுதற காகிதத்துல சகதி இருக்கா வாத்தியாரே?”

“கோச்சை ஏன் திட்டறே?” என்றேன் நான். “கையில வந்த பந்தை அந்த ஹோல்கம் விட்டான். அவன் புடிச்சிருந்தா இந்தப் பேச்சே கிடையாது.”

“வாயை மூடுடா கிளெட். நீ ஹைஸ்கூல்ல எத்தனை பந்து புடிச்சேன்னு நான் சொல்லவா?”

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். நான் டோனட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். ஆர்வில் விடவில்லை. சதவீதம் போட்டார், அம்புக்குறி போட்டார், ஜெயிக்கும் வாய்ப்பு உதைத்தால் ஐம்பது, இல்லாவிட்டால் அறுபத்திரண்டரை என்று அடிக்கோடிட்டு அவள் பக்கம் நகர்த்தினார்.

நீவா அதைப் பார்க்கவில்லை. “சமனாயிருந்தா கூடுதல் நேரம் கொடுத்திருப்பாங்கல்ல?” என்று கேட்டாள்.

“கொடுத்திருப்பாங்க. அதுல தோக்கவும் செய்யலாமே.”

“தோத்துட்டுப் போகட்டும். நாப்பது புள்ளி வித்தியாசத்துல தோத்திருந்தாக்கூட எனக்கு ஒண்ணுமில்ல. இன்னொரு கால் மணி நேரம் ஆடியிருப்பாங்க, வாத்தியாரே. இனிமே எங்க ஆடப் போறாங்க?”

ஆர்வில் பேனாவை மூடினார். “நான் ஜெயிக்கறதைத்தான்மா பார்த்தேன்,” என்றார் மெதுவாக.

அதற்குப் பிறகும் குளிர்காலம் முழுவதும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதையே பேசினோம். மற்ற வருடங்களில் டிசம்பர் வந்துவிட்டால் பேச்சு மாறிவிடும். அடுத்த வருடம் யார் வருகிறார்கள், எந்தப் பையன் தேறுவான், எந்த ஊரோடு முதல் ஆட்டம் என்று. இப்போது அப்படிப் பேச ஒன்றும் இல்லை. அந்த இரண்டு புள்ளியையே பிசைந்துகொண்டிருந்தோம். பிப்ரவரியில் ஆர்வில் வீட்டை மூடிவிட்டு அரிசோனாவுக்கு, மகளிடம் போய்விட்டார். மார்ச்சில் கோல் கம்பங்களைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். நீவாவின் பேருந்து அந்த வழியாகத்தான் போகும். லாரி வெளியே திரும்பும்வரை அவள் பின்னாலேயே நிறுத்திக் காத்திருந்தாளாம். ஹார்ன் அடிக்கவில்லை என்று என் பேத்தி சொன்னாள்.

செப்டம்பரில் நான்தான் அவளை வற்புறுத்தி, ஒன்றரை மணி நேரம் காரோட்டி வேறொரு கல்லூரி ஆட்டத்துக்குக் கூட்டிப் போனேன். நல்ல கூட்டம், நல்ல வெயில். பக்கத்து இருக்கைக்காரர்கள் வேர்க்கடலை கொடுத்தார்கள். நீவா மரியாதையாகக் கை தட்டினாள். பாதி ஆட்டத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“போலாமா?”

“ஏன், நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. யார் ஜெயிச்சா எனக்கென்ன, கிளெட்?”

கார் நிறுத்திய இடத்துக்கு எனக்கு முன்னாலேயே நடந்தாள்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, டோனட் கடையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது ஆர்வில் போன் செய்தார். அரிசோனாவில் விடிந்தும் விடியாத நேரம். போனை மேஜையில் வைத்து இருவரும் கேட்டோம். அவர் குரல் மெலிந்திருந்தது, ஆனால் உற்சாகமாக இருந்தார். இரவெல்லாம் யோசித்ததாகவும், மழையையும் சகதியையும் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டதாகவும், அப்போதும் கோச் செய்ததே சரி என்று வருவதாகவும் சொன்னார். நான் நீவாவைப் பார்த்தேன். அவள் சீறுவாள் என்று காத்திருந்தேன். அவரும் அந்தப் பக்கம் காத்திருந்திருப்பார்.

“நீங்க சொன்னதுதான் சரி வாத்தியாரே,” என்றாள் நீவா.

“ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க வெயில்ல அலையாதீங்க.”

அவர் இன்னும் கொஞ்ச நேரம் மகளைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச அழைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை வந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் நீவா பள்ளிப் பெண்களின் வாலிபால் அணியை வெளியூருக்குப் பேருந்தில் கூட்டிப் போகிறாள். அவளே கேட்டு வாங்கிய வேலை. உள்ளே போய் ஆட்டம் பார்ப்பாயா என்று கேட்டேன்.

“இல்ல, வண்டியிலேயே இருந்துடுவேன்,” என்றாள். “ஹீட்டர் இருக்கு.”