தவிடு தின்ற பூஞ்சை

வீட்டில் ஊறுகாய் பூஞ்சை பிடித்தால் திட்டு விழும். பிடிக்காவிட்டால் திட்டு விழுவது எங்கள் தொழிலில்தான். ஆய்வுக்கூடங்களில் குப்பை கொட்டிய நண்பர்களுக்கு என் பாடு புரியும். எழுபதுகளில் நான் அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளன். தவிட்டையும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகையும் கரைத்து அதில் ஒரு பூஞ்சையை விட்டால், அது இனிப்பைத் தின்று பசையாகக் கக்கும். நெசவு நூலுக்குக் கஞ்சி போடவும் மாத்திரையை இறுக்கவும் அந்தப் பசை ஆகும். கக்கினால்தானே!

எத்தனை உருப்படி?

தவிடு வாங்க ராயப்பேட்டையில் ஒரு மாட்டுத் தீவனக் கடைக்குப் போவேன். "எத்தினி மாடு வெச்சிருக்கே?" என்று கடைக்காரர் கேட்டார். மாடு இல்லை, பூஞ்சை வளர்க்கிறேன் என்றேன். மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பூஞ்சையா? அது வேளைக்கு எத்தினி படி கறக்கும், நைனா?"

கழுவப்போன குடுவைகள்

மூன்று மாதம் ஆகியும் பூஞ்சை கக்கவில்லை. குடுவைகளில் கரைசல் தண்ணீராகவே நின்றது. "வெள்ளிக்கிழமைக்குள் பசை வராவிட்டால் இந்தத் திட்டத்தை மூடிவிடுவார்கள்" என்றார் பேராசிரியர். திட்டம் போனால் என் வேலையும் போகும். வேலை போனால் மயிலாப்பூரில் பேசி முடித்திருந்த என் கல்யாணமும் போகும்.

வியாழக்கிழமை சாயங்காலம் குடுவைகளைக் குலுக்கும் இயந்திரம் நின்றுபோனது. அதைப் பழுது பார்க்கும் அவசரத்தில் ஆறு குடுவைகளையும் எடுத்துக் கழுவும் மேடையில் வைத்தவன், அப்படியே மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை ஓடி வந்தால், பாத்திரம் கழுவும் தனம்மா ஐந்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். தப்பு என்னுடையது, அவரை என்ன சொல்வது? ஆறாவது குடுவை அவர் கையில் தலைகீழாக இருந்தது.

"எல்லாம் ஊசிப்போய் கொழகொழன்னு கீது சார், கொட்டிட்டேன். இது ஒண்ணுதான் பேஜாரு. கவுத்தாலும் வுழ மாட்டேங்குது, குச்சி வெச்சு நோண்டிக்கினு கீறேன்!"

மயிலாப்பூர் விசாரணை

குலுக்காமல் விட்ட ஒரே ராத்திரியில் பூஞ்சை கக்கியிருக்கிறது! குச்சியைப் பிடுங்கி, தனம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பசையைப் பிரித்தெடுக்க அந்தக் குழம்பில் ஸ்பிரிட் ஊற்றியதும் பசை பஞ்சு நூலாகத் திரண்டு மிதந்தது. பேராசிரியர் அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். திட்டத்துக்கு இன்னும் ஒரு வருஷம் கிடைத்தது.

சட்டைகூட மாற்றாமல், சின்ன பாட்டிலில் பசையோடு மயிலாப்பூருக்கு பஸ் ஏறினேன். கதவைத் திறந்த வருங்கால மாமனார் மூக்கைச் சுருக்கினார். மதுவிலக்குக் காலம்; என் சட்டையெல்லாம் ஸ்பிரிட் நாற்றம். அவர் முகம் கறுத்ததும்தான் எனக்கு விஷயம் உறைத்தது. பாட்டிலை நீட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு, தயங்காமல், என் வாயருகே குனிந்தும் முகர்ந்தார்.

"வாடை பாட்டிலோடதுதான், வாயோடது இல்லை. உள்ளே வாங்கோ மாப்பிள்ளை, காபி கலந்துண்டிருக்கா."

பூஞ்சைப் பசை நெசவு நூலை ஒட்டியதோ இல்லையோ, என்னை வேலையோடும் குடும்பத்தோடும் நன்றாகவே ஒட்டவைத்துவிட்டது.