ஆடியிலேயே வந்த தீபாவளி

எங்கள் பிளாக் கடைவீதியில் இருந்த ஜவுளிக்கடைக்காரருக்குப் பொறுமை என்பதே கிடையாது. நான் கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த வருடம், புரட்டாசிக் கடைசியில் ‘தீபாவளி ஜவுளி’ என்று போர்டு மாட்டினார். அடுத்த வருடம் அது ஆவணியிலேயே ஏறியது. பிள்ளையார் சதுர்த்திக்குப் பூ வாங்கப் போனவர்கள் தீபாவளிச் சேலைகளை விலக்கிக்கொண்டு நடந்தோம். அதற்கடுத்த வருடம் ஆடி பிறந்ததுமே மாட்டிவிட்டார். நரகாசுரனே அவ்வளவு சீக்கிரம் சாகத் தயாராக இருந்திருக்க மாட்டான்.

அந்த போர்டை நம்பியவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா. சொந்த ஊர் காடாம்புலியூர். வைகாசியில்தான் மகளை முத்தாண்டிக்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளைக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. ஆடி என்பதால் பெண்ணை அழைத்து வந்து வீட்டில் வைத்திருந்தார். வருவது தலை தீபாவளி.

ஆடியில் போய்த் துணி எடுப்பதா என்று அக்கா தயங்கியபோது நானும் கூட இருந்தேன். கடைக்காரர் சாஸ்திரத்தையே மாற்றி எழுதினார்.

“ஆடி கல்யாணத்துக்குத்தாங்க ஆவாது. துணிக்கு என்னாங்க? அப்பால வந்தீங்கன்னா சரக்கும் இருக்காது, தையக்காரரும் கெடைக்க மாட்டாரு.”

அக்கா வேட்டி, சட்டைத்துணி, சேலை எல்லாம் எடுத்துவிட்டார். சட்டைக்கு அளவு வேண்டுமே? அதற்குத் தோதாக மாப்பிள்ளையே ஒரு நாள் வந்தார், மாமனாரைப் பார்க்கவாம். மாமனார் அப்போது ஷிப்டில் இருந்தார், அது மாப்பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். ஆடிப் பிரிவில் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய நின்ற மனிதரைக் கடை வாசலில் நிறுத்தி, தையல்காரர் கச்சிதமாக அளவெடுத்தார். ரவிக்கைக்கும் அப்படியே.

ஆவணியில் பெண் புருஷன் வீடு போனாள். அக்கா கைப்பக்குவம் அவளுக்கும் உண்டு. கூடவே மாப்பிள்ளைக்கு வேலை பர்மனென்ட் ஆனது. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்பிள்ளை உடம்பு என்ன ஆகும் என்று கடைக்காரர் யோசித்திருக்கவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் இருவரும் வந்து இறங்கியபோது, வந்திருப்பது மாப்பிள்ளையுடைய அண்ணனோ என்றுதான் எனக்குத் தோன்றியது. பெண்ணுக்கு நாலாம் மாதம்.

ரவிக்கைக்கு அம்மாவுடையது ஒன்று உதவியது. சட்டைதான் பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டு நின்றது. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு, தூறலில் கடைக்கு ஓடினார். அங்கே தீபாவளி போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரர் ஊருக்குப் போய்விட்டாராம். வேறு சட்டை ஏதாவது கொடுங்கள் என்று கேட்டதற்குக் கடைக்காரர் மிகவும் வருத்தப்பட்டார்.

“தீபாவளிதான் முடிஞ்சிபோச்சிங்களே. இப்ப எறக்கிகினு இருக்கிறது பொங்கல் சரக்குங்க.”

அக்கா, “எங்க வூட்ல நாளைக்குத்தாங்க தீபாவளி” என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். வழியெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார், மழைத்தண்ணியாம்.

மறுநாள் காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மாமியார் மனம் நோகக் கூடாது என்று மாப்பிள்ளை அந்தச் சட்டைக்குள்ளேயே புகுந்துவிட்டார். எப்படிப் புகுந்தார் என்பது அவருக்கே வெளிச்சம். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மரப்பாச்சி மாதிரி வந்து, காலில் விழுந்து கும்பிட்டார். அதுவரை சட்டை தாங்கியது. பலகாரம் கொடுக்கப் போன நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அவர் இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நடுப் பொத்தான் தெறித்து மாமனார் இலையில், கறிக்குழம்பில் போய் விழுந்தது.

மாமனார் பொத்தானை எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டு, “பர்மனென்ட் ஆனாலே இப்படித்தான், மாப்ள” என்றார்.

முதலில் சிரித்தது பெண்தான். சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். பிறகு அக்காவும். மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டு, முதல் தடவையாக மூச்சு விட்டார். அப்புறம் அவர் சாப்பிட்ட வேகத்துக்கு அக்காவுக்கு இட்லி அவித்து மாளவில்லை.